உடும்பின் கை

அக்கா,

இன்றைக்கு எங்கள் தையல் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுதுகிறார்கள். பெயின்ற் கரைக்கிற தின்னர் மணம் உள்ளே வந்ததும் மெஷினை நிற்பாட்டிவிட்டேன். மானிப்பாயில், எங்கள் பின்வளவில் நீங்கள் வாடகைக்கு இருந்து படம் வரைந்த அறையின் மணம் அது.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒருவருடனும் அதிகம் கதைப்பதில்லை. உங்களுக்கு அது வசதியாக இருந்தது. நான் தையல் வேலை முடிந்து வரும்போது, பார்த்து வரையக் கூப்பிடுவீர்கள். ஒருநாள் பூமாலையைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் அகப்பையை மைக் மாதிரிப் பிடிக்க வேண்டும். "பிள்ளை, கையை ஆட்டாதை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முடிந்த படங்களில் மனிதர்களே இல்லை. வேட்டி கட்டிய உடும்பு மேடையில் நின்று தனக்குத்தானே மாலை போடும். பெண் பார்க்க வந்த மாடுகள், மணப்பெண்ணின் வாயைத் திறந்து பல்லுப் பார்க்கும். செத்தவீட்டில் கொக்குகள் செல்ஃபி எடுக்கும். நான் எட்டி நின்று முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு முயலோ நத்தையோ இருந்தால் அது நானாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. பல நாள் யோசித்து ஒருநாள் கேட்டே விட்டேன், இதில் நான் எது என்று.

"நீ எல்லாத்திலையும் இருக்கிறாய். வடிவாய்ப் பார்."

பகிடி என்று நினைத்தேன். பிறகு மாரி வந்தது, உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நான் திரும்பக் கேட்கவில்லை.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, உங்கள் அண்ணை எல்லாப் படங்களையும் விறாந்தையில் மாட்டியிருந்தார். கோயில் தலைவர் உடும்பைப் பார்த்து, "உது எங்கடை சங்கக்கடை மனேச்சரெல்லோ" என்று சொல்லிப் பெலத்துச் சிரித்தார். மனேச்சரோ மற்ற மூலையில், அது தலைவர்தான் என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார். நான் தலைவருக்குத் தேத்தண்ணி நீட்டினேன். என் கைக்கு நேரே, படத்தில், மாலை பிடித்த உடும்பின் கை. சுட்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

விரலில் தையல் ஊசி ஏறிய பிறகு என் நகம் அப்படித்தான் வளர்கிறது. மாட்டைப் பார்த்தேன், கொக்கைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மனிதக் கை, அதே நகம். தலைவர் அந்தக் கையிலிருந்தே தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, படத்தைப் பார்த்து இன்னும் சிரித்தார்.

ஏன் அக்கா? கிட்ட இருந்த கை என்னுடையது என்பதாலா? அல்லது அந்த உடும்பிலும் நான் கொஞ்சம் இருக்கிறேன் என்றா? அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களின் முகத்தை விட்டுக் கையைத்தான் பார்க்கிறேன்.

சற்று முன் பலகை எழுதும் அண்ணைக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். "உந்த விரலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். முன்பென்றால் மடக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

"ஊசி ஏறினது. இது ஒரு உடும்பின்ரை கை, அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. பெயின்ற் படிந்த தன் கையைத் தின்னர் துணியால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என்ரை கை?"

தெரியவில்லை அக்கா. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.