பன்வில லயத்து நிலைப்படி

மச்சான்,

சட்டைக் கையில் இன்னும் நனைந்த கரி நாறுகிறது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. எரிந்த கட்டடத்தில் தண்ணீர் அடித்து முடித்த பிறகு வருகிற அந்த நாற்றம் உனக்குத் தெரியும். இதோடு பஸ் ஏறினால் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள், காலை நீட்டிக்கொண்டு போகலாம் என்று பயிற்சிக் காலத்தில் நீ சந்தோஷப்படுவாய்.

இன்று நம் காப்புறுதிக் கம்பனி எங்களை மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பியது. தீப்பிடித்த இடங்களைப் பார்த்துக் காரணம் எழுதுகிற எல்லோருக்கும், ஓய்வு பெறப்போகிற என்னைப் போன்ற கிழடுகளுக்கும் சேர்த்து, ஒரு நாள் வகுப்பு. பேராதனைப் பக்கம் ஒரு வெறும் வளவில் பலகையால் அறை அடித்து, கட்டில் மெத்தை போட்டு, மெத்தை ஓரத்தில் ஒரு நெருப்புக் குச்சியை வைத்தார்கள். அறை முழுக்கப் பிடித்துக் கொஞ்ச நேரம் எரிந்த பிறகு அணைத்தார்கள். உள்ளே போகச் சொன்னதும் பழக்க தோஷத்தில் நான் முதலில் வாசலைப் பார்த்தேன். நிலைப்படி நடுவில் ஒரு கை அகலத்துக்குக் குழி விழுந்து எரிந்திருந்தது.

"இங்கே எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

வகுப்பெடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சிரித்தபடி சிங்களத்தில் சொன்னாள்: ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அறை முழுக்கத் தீ பிடித்துவிட்டால் காற்று வாசல் வழியாகத்தான் உள்ளே வரும், அதனால் அங்கே மரம் கூடுதலாக எரியும். முன்பு இதைப் பிழையாகப் படிப்பித்தார்கள், அதை வைத்து எத்தனையோ பேரைப் பிழையாகக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வெளியே வந்து பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். நாம் கண்டியில் அந்த மூன்று மாதப் பயிற்சிக்குப் போனபோது நீ பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நான் டவுன் பையன், பாதிரிமார் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்காரன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. எரிந்த கடையொன்றின் படத்தைக் காட்டிக் காரணம் எழுதச் சொன்னபோது நீ 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தாய். கெட்டிக்காரன் எவனும் அப்படி எழுதமாட்டான் என்று படிப்பித்தவர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அன்றைக்கே நான் உனக்குத் 'தெரியாது தொரை' என்று பெயர் வைத்தேன். கந்தோரில் பியோன் வரைக்கும் உன்னை அப்படிக் கூப்பிட வைத்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தப் படத்துக்குச் சரியான விடை உன்னுடையதுதான் என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது.

நிலைப்படியில் குழி இருந்தால் எண்ணெய் ஊற்றியது என்ற பாடம் நடந்த அன்று தேத்தண்ணி நேரத்தில் நீ என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். நான் மீன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். உனக்கு ஒன்பது வயதில் அம்மாவும் தங்கச்சியும் லயத்து வரிசையில் வீடாக இருந்த ஒற்றைக் காம்பராவில் எரிந்து போனதை அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னாய். விளக்கு வைக்கிற நேரத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு சரிந்துவிட்டது என்றுதான் ஊரே சொன்னது. நீ அப்போது கலஹாவில் மாமா வீட்டில் இருந்திருக்கிறாய்.

"நம்ம காம்பரா நிலைப்படியிலயும் அந்த மாதிரி குழி இருந்துச்சு மச்சான். நடுவுல. நான் கால் வச்சுப் பாத்திருக்கேன்" என்றாய்.

"லாம்பு எங்க இருந்துச்சு?"

"உள்ள, அடுப்புக்கிட்ட."

"அப்ப வாசல் ஏன் அப்படி எரியுது? யாரோ ஊத்தியிருக்காங்க."

"அப்பாவத் தவிர அங்க யாரும் இல்லையே."

"அப்ப நீயே யோசிச்சுக்க" என்றேன். சொல்லிவிட்டு மிச்ச ரோல்ஸையும் தின்று முடித்தேன். பாடத்தை எவ்வளவு சரியாகப் பிடித்துக்கொண்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அந்த மாதத்திலிருந்து நீ பன்விலவுக்குப் போகவில்லை. கடைசியாகப் போனபோது அப்பாவிடம் கேட்டாயாம், அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். பிறகு ஒருநாள், நீ மாத்தளைக்கு வேலையாகப் போயிருந்த நேரம், அவர் என்னைத் தேடிக் கந்தோருக்கு வந்தார். அவர் வந்ததையும், செய்ததை ஒப்புக்கொண்டதையும் மறுநாள் நானே உனக்குச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து அவர் செத்த செய்தி வந்தபோதும் நீ பிடி மண் போடப் போகவில்லை. பக்கத்துக் காம்பராப் பையன்தான் போட்டானாம். கல்யாணம் வேண்டாமென்று இருந்தாய். அப்பன் குடித்த கசிப்புச் சாராயத்தை நீயும் குடித்தாய். போன வருடம் கண்டி ஆஸ்பத்திரியில் மஞ்சள் பூத்த கண்ணோடு கிடந்தபோது, "அந்தாளு ரத்தந்தானே எனக்குள்ளயும் ஓடுது" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, யோக்கியன் மாதிரி, அதையெல்லாம் மறந்துவிடு என்றேன்.

இன்றைய பாடம் உன் அப்பாவை விடுவித்துவிடவில்லை மச்சான். லாம்பு சரிந்திருக்கலாம், அவரே ஊற்றியும் இருக்கலாம். நிலைப்படியை வைத்து எதையும் சொல்ல முடியாது. உனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்கும் வழியில்லை. ஆனால் அவர் கந்தோருக்கு வந்த அன்று நடந்ததை உள்ளபடி சொல்ல முடியும். அதை இத்தனை காலம் உன்னிடம் சொல்லவில்லை. என் கெட்டித்தனம் குறைந்துவிடுமே என்றுதான் மறைத்தேன்.

அவர் கதிரையில் உட்கார மாட்டேன் என்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"அன்னிக்கு நான் நல்லாக் குடிச்சிருந்தேன் தம்பி. அவளோட சண்ட போட்டேன், அது மட்டும் தெரியுது. பொறகு முழிச்சுப் பாத்தா எல்லாம் எரிஞ்சு கெடக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நெலப்படியப் பாத்தாலே தெரியும், நீதான் ஊத்துனன்னு மகன் சொல்றான். நீங்கல்லாம் படிச்சவங்க. அப்ப நான்தான் கொன்னேனா தம்பி?"

இதைத்தான் நான் உனக்கு ஒப்புதல் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, என்னிடம் கேட்டார். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பஸ் ஏறி வந்து என்னிடம் கேட்டார்.

நான் 'ஆமா' என்றேன்.