நாற்பத்தொன்றாம் நம்பர் வில்லை

அண்ணா,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. பாப்பாவுக்குச் சாயங்காலத்திலிருந்தே உடம்பு கணகணவென்று இருந்தது; இப்போதுதான் வேர்த்துக் கண்ணயர்ந்தாள். அவர் உள்ளறையில் தூங்குகிறார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. லாரி கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்கும்போதெல்லாம், எங்கே இவள் விழித்துவிடுவாளோ என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்றைக்கு இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அப்பா என் பேருக்கு எழுதிவைத்த கிணற்றுக்காட்டு நிலத்தின் பத்திரத்தை எடுப்பதற்காக. பத்திரத்தை மடித்து வைத்திருந்த துணிக்குள்ளிருந்து ஒரு பித்தளை வில்லை உருண்டு தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்று. மூக்கருகே கொண்டுபோனால் பித்தளை வாடையோடு, உங்கள் கடைத் தரைக்குத் தேய்ப்போமே, அந்த மெழுகு பாலிஷ் வாடையும் வருகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. அங்கேயே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்திரத்தை ஏன் எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று மாடியில் ஒரு கட்டடம் எழும்புகிறது. ஷாப்பிங் சென்டர் என்று பேர் வைக்கப் போகிறார்களாம். மொசைக் தரை, ஆளுயரக் கண்ணாடிகள், கடைக்குக் கடை மின்விசிறி. மாடிக்குப் போக லிஃப்ட் கூட உண்டாம். கீழ்த்தளத்தில் வாசலுக்கு நேரே உள்ள கடையை இவர் எடுக்க ஆசைப்படுகிறார். லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து இன்னும் எத்தனை காலம் சீட்டுக் கிழிப்பது என்கிறார். அதுவும் நியாயம்தான். ஆனால் அதற்குக் கிணற்றுக்காட்டை விற்க வேண்டும். காடு என் பேரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு, கடை நிற்காமல் போனால் நாளைக்குப் பாப்பாவுக்கென்று கைப்பிடி மண் கிடையாது.

நேற்று சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். “ஏனுங்க, இந்த ஊரு தாங்குமாங்க?”

“ஏன் தாங்காது? மேட்டூர்ல ஃபேக்டரி வந்துபோச்சு. ஊருக்கு ஊரு மில்லு. நாமக்கல்லுல பாதி ஊட்டு வாசல்ல லாரி நிக்குது. போன வாரம் ஒருத்தன் ஒரு ரேடியோ வாங்கறதுக்கு மெட்ராசு போய்ட்டு வாரான். அந்தக் காசு இங்கயே நிக்கட்டுமே?”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். “உங்கண்ணன் பண்ணுனதுல தப்பொண்ணும் இல்ல புள்ள. காலத்துக்குப் பத்து வருசம் முந்திப் பண்ணிப்போட்டாரு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா, அண்ணா?

நான் திருச்சியில் படிப்பை முடித்துக்கொண்டு பெட்டியோடு வந்து இறங்கிய வருஷம் அது. நீங்கள் மெட்ராசுக்குப் போய், அங்கே ஒரு பெரிய கடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள். வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அப்பா வெற்றிலையை மடித்தபடி, “மெட்ராசு வேற, சேலம் வேற. இந்த ஊரு தாங்குமா சாமி?” என்று கேட்டார். நீங்கள் அசரவில்லை. “பட்டு இங்க நெய்யறோமுங்க. வெள்ளிக் கொலுசு இங்க அடிக்கறோம். வாங்கறதுக்கு மட்டும் ரயில் ஏறோணுமாக்கும்?” என்றீர்கள். அம்மா, “நாலெழுத்துப் படிச்சவ இருக்கறா, அவளக் கேளு” என்றாள்.

என்னைக் கேட்டீர்கள். நான் பொருளாதாரம் படித்தவள் அல்லவா? நல்ல பொருளைக் கண்ணில் காட்டினால் வாங்குகிற ஆசை தானாக வரும் என்றேன். ‘ஒரே விலை. பேரம் இல்லை’ என்று பலகை எழுதியது நான். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளக்க வேண்டும் என்றதும் நான்தான். எல்லாம் புத்தகத்தில் படித்தது.

கடை திறந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. கடைவீதியே நம் வாசலில் நின்றது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பட்டும் நைலான் புடவையும். மேல்மாடியில் ரேடியோ, கைக்கடிகாரம், பூப்போட்ட பீங்கான். நாம் எதிர்பாராத ஒன்று நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. சாயங்காலம் வாசலில் செருப்பு மலையாகக் கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்துப் பூரித்துப் போனீர்கள். “பாத்தியா சாமி, கோயிலுக்கு வாராப்பல வாராங்க!”

இரண்டு பேர் செருப்பு காணாமல் போய்ச் சண்டை வந்ததும், வில்லை யோசனையைச் சொன்னது நான். ஒன்று முதல் நூறு வரை பித்தளையில் நம்பர் அடித்து, வாசலில் ஒரு பெரியவரை உட்கார வைத்தோம். செருப்பைக் கொடுத்தால் வில்லை. வில்லையைக் கொடுத்தால் செருப்பு. ராத்திரி கடை கட்டும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்று அந்தப் பெரியவரிடம் கேட்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. “நூறு வில்லையும் ரெண்டு சுத்து போயி வந்துருச்சுங்க” என்பார். அந்தக் கணக்கை நம்பித்தான் தீபாவளிக்கு அவ்வளவு சரக்கு எடுத்தீர்கள். வந்த கூட்டத்தை எண்ணினோம். வாங்கிக்கொண்டு போனவர்களை எண்ண நம் இருவருக்குமே தைரியம் இருக்கவில்லை.

ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாளே, நினைவிருக்கிறதா? ஒரு மாம்பழ நிறப் பட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு உங்களிடம் மெதுவாக, “இது எங்கூட்டுத் தறியில நெய்ஞ்சதுங்க. அந்தக் கரை எங்க ஊட்டுக்காரரு போடறதுங்க” என்றாள். நீங்கள் சந்தோஷமாகக் கண்ணாடியைத் திறந்து, “தொட்டுப் பாருங்கம்மா” என்றீர்கள். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் தொட்டாள். “எங்கூட்டுல கெடந்தப்ப மடியிலதான் போட்டுக்கிட்டு இருந்தேனுங்க. இங்க வந்து என்னமோ வேத்து ஊட்டுப் பொண்ணாட்டம் நிக்குது” என்று சிரித்தாள். நாமும் சிரித்தோம். அவள் சொன்னது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இனி எழுதப்போவதை உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம். நீங்கள் மேல்மாடியில் இருந்தீர்கள். ஆத்தூர்ப் பக்கத்து பஸ்ஸில் வந்திறங்கியவள் போல ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை, கனமான குழந்தை. கையில் ஒரு மஞ்சள் பை. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்து வந்தவள், குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் புடவைப் பெட்டிக்கு முன்னால் தரையில் காலை மடித்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “அந்தப் பச்சைய எடுத்துப் போடுங்கக்கா, பாக்கலாம்” என்றாள். ஜமக்காளம் விரித்த மற்ற துணிக்கடைகளில் சொல்வதைப்போலவே சாதாரணமாகச் சொன்னாள்.

பின்னால் பட்டணத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “எழுந்திருங்க. இங்கெல்லாம் உக்காரக் கூடாது” என்றேன். குரலை உயர்த்தவில்லை, அண்ணா. உயர்த்தியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. விடுதி வார்டன் பேசுவதைப்போல, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

அவள் எழுந்தாள். குழந்தையை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கை கொடுக்கவில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வில்லையை எடுத்து என் கையில் வைத்தாள். கடையை விட்டுப் போகச் சொன்னால் கடைப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் முறை என்று நினைத்தாளோ என்னவோ. “வாரேனுங்க” என்று என்னிடமே சொல்லிவிட்டு, செருப்புக்காரப் பெரியவரைத் தாண்டி, வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போய்விட்டாள். வில்லை இல்லாமல் செருப்பை எப்படிக் கேட்பாள்? நான் கூப்பிட்டிருக்கலாம். பத்து அடி ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். வந்தவர்களுக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தேன். அவர்களும் வாங்கவில்லை.

அந்த வில்லைதான் இது.

ராத்திரி பெரியவர் ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நாப்பத்தொண்ணு மட்டும் நிக்குதுங்க. வில்லையும் காணோம், ஆளையும் காணோம்.” நீங்கள் வாங்கிப் பார்த்தீர்கள். குதிகால் தேய்ந்து, வாரில் ஊக்கு குத்தியிருந்தது. “பொம்பளைப்புள்ள செருப்புங்க. வெறுங்காலோட எப்படிப் போச்சோ? வெச்சிருங்க, வரும்” என்றீர்கள். கடை இருந்தவரைக்கும் அந்தச் செருப்பு படியோரம் இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தேன். வில்லை என் பெட்டிக்குள் இருந்தது.

தை மாதத்துக்குப் பிறகு கடை நிற்காது என்று தெரிந்துவிட்டது. கடைசி வாரம், மிச்சச் சரக்கைத் தள்ளுவதற்காகக் கண்ணாடிப் பெட்டிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, வீட்டிலிருந்த கல்யாண ஜமக்காளத்தைக் கொண்டுவந்து மொசைக் தரையில் விரித்தீர்கள். அன்றைக்கும் வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றிவிட்டு நேரே வந்து உட்கார்ந்தார்கள். குழந்தைகளைக் கிடத்தினார்கள். புடவையை மடியில் போட்டு, நூலை நெருடி, ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி பிடுங்கி, நம் பலகையைச் சட்டைசெய்யாமல் பேரம் பேசி, சிரித்து, வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் அளவுகோலைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டீர்கள். பிறகு என் பக்கம் வந்து சொன்னீர்கள். “அவுங்க கும்புட வரல சாமி. உக்கார வந்தாங்க. நாமதான் நிக்க வெச்சே அனுப்பிப்போட்டோம்.”

‘நாம்’ என்றீர்கள். நிற்க வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு கடையை மூடிவிட்டு நம் சொந்த ஊருக்குத் திரும்பினீர்கள்; எனக்குக் கல்யாணமாயிற்று. பாப்பா பிறந்த பதினைந்தாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. சின்னதாக மறுபடி ஒரு கடை போடலாம் என்றிருக்கிறேன், முன்பக்கம் பாதி ஜமக்காளம், பின்பக்கம் உன் கண்ணாடிப் பெட்டி, நீ என்ன சொல்கிறாய், சீக்கிரம் பதில் போடு என்று எழுதியிருந்தீர்கள். பதில் எழுத உட்கார்ந்தால் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் எழுத முடியாது என்று தோன்றியது. பாப்பா அழுதாள் என்று எழுந்துபோனேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. பச்சை உடம்பு என்று என்னை அனுப்பவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இவர் என்னை அந்தப் புதுக் கட்டடத்தைப் பார்க்க அழைத்துப்போனார். பாப்பா என் இடுப்பில் இருந்தாள். கட்டடக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். இவரும் அவருமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாதி நேரத்துக்குமேல் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. உட்கார இடம் தேடினேன். சுவர் இருந்தது, தூண் இருந்தது, பளபளவென்று தரை இருந்தது. அந்தத் தரையில் நான் உட்காரவில்லை, அண்ணா. யாராவது எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அப்போது அவள் நினைவு வந்தது. அன்றிலிருந்து போகவில்லை.

“இதுல எங்கீங்க உக்காருவாங்க?” என்று இவரிடம் கேட்டேன். “ஷோரூம்ல எவ உக்காருவா?” என்று சிரித்தார்.

ஊர் தாங்குமா, தாங்காதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. காசு இருக்கிறது என்கிறார், இருக்கலாம். படித்த படிப்பு இதில் எனக்கு உதவவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வில்லையும், வாரில் ஊக்குக் குத்திய அந்தச் செருப்பும்தான். நாளைக் காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தால் மூன்று பேருமாக அங்கே போகப்போகிறோம். பாப்பாவை இவர் இடுப்பில் கொடுத்து, ஒரு மணி நேரம் அந்தக் கடைக்குள் நிற்கச் சொல்லப்போகிறேன். நின்றபிறகு இவரிடம் நாற்பத்தொன்றைப் பற்றிச் சொல்வேன். முன்பாதியில் ஜமக்காளம் விரிக்கக் கட்டடக்காரர் சம்மதித்தால் கையெழுத்து. இல்லையென்றால் காடு காடாகவே இருக்கட்டும்.

இது சரிதானா? பயமாக இருக்கிறது, அண்ணா. நீங்கள் கேட்டபோது நான் பதில் போடவில்லை. எனக்கும் அப்படிச் செய்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை