அப்பாவின் புதுத் திரையும் பூதக்கண்ணாடியும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, என் தையல் மெஷின் மூவரும் நலம். புதிதாக வந்திருக்கிற நாலாவது ஆளும் இப்போது நலம்தான், ஆனால் அது நலமாவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நீ அங்கே சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று வழக்கம்போல் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன், நான் சொன்னதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. போன மாதம் அவர் வரைந்து கொடுத்த ஒரு வீட்டுப் படத்தில் சமையலறைக் கதவு நேராகப் போய்த் தூணில் இடித்தது. முப்பத்தொரு வருடமாகக் கட்டடப் படம் வரைகிற மனிதர், தூண் இருந்ததே அந்த மங்கிப்போன பழைய கம்ப்யூட்டர் திரையில் அவர் கண்ணில் படவில்லை. படம் வரையக் கொடுக்கிற இன்ஜினியர் போன் பண்ணி, சார் கண்ணுக்கும் வயசாகுமில்ல, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன் என்றாராம். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அன்று ராத்திரி தட்டைக் கழுவும்போது அப்பா, அடுத்த படத்துலயும் தப்பு வந்தா நானே மவுஸைக் கீழ வச்சிடறேன் என்றார். அடுத்த படத்துக்குக் கெடு வெள்ளிக்கிழமை. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் இவர் என் டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்க ஆரம்பித்துவிடுவாரே என்று எனக்குக் கதி கலங்கியது. அவரை நினைத்தும்தான் கலங்கியது, அதைச் சொல்ல என்ன வெட்கம். அதனால்தான் நீ போனில், நல்ல திரையா ஒண்ணு வாங்குங்க என்றதும் முதலில் செருப்பை மாட்டியது நான்.

கடையில் சுவர் முழுக்கத் திரை, நாலு கே, அஞ்சு கே, எட்டு கே என்று புள்ளிக் கணக்குப்படி வரிசையாக. எட்டு கேயில் கட்டில் அகலத்துக்கு ஒரு தவளை உட்கார்ந்திருந்தது, அதன் முதுகில் எத்தனை பரு என்று எண்ணிவிடலாம். விற்கிற பெண் அதைப் பெருமையாகக் காட்ட, அப்பா, எனக்குத் தவளை வேணாம்மா கோடு வேணும் என்று சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு திரையிலும் தன் படத்தைத் திறக்கச் சொல்லி, மூக்கு கண்ணாடியில் உரச உரசப் பார்த்ததில் காவலாளி இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார். கடைசியில் அந்தப் பெண், மேசையில கிட்ட உக்காந்து பாக்கறவங்களுக்கு இருபத்தேழு இன்ச் அஞ்சு கே போதும் சார், சின்ன இடத்துல புள்ளி நெருக்கமா இருக்கும் என்றாள். அப்பா விழித்தார், எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஏங்க, இழை நெருக்கமா இருந்தா துணி நைஸா இருக்குமில்ல, அதே கதைதான் என்றேன். இங்க வேலைக்கு வரீங்களாம்மா என்று அவள் என்னைக் கேட்க, உன் அப்பா முகம் சுண்டிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மாட்டினால், திரையில் அம்புக்குறி கால் சுளுக்கியதுபோல் விந்தி விந்தி நடந்தது. இரண்டு நாள் மவுஸைத் திட்டினார், மேசையைத் திட்டினார், என் தையல் மெஷின் கரண்டை உறிஞ்சுகிறது என்று என்னையும் திட்டினார். நீ போனில், பெட்டியில வந்த கேபிளைத்தானே போட்டீங்க என்று கேட்டாயே, அப்போதுதான் குட்டு உடைந்தது. புதுக் கேபிளை எதுக்கு வீணாக்கணும் என்று பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய கேபிளைத் தேடி எடுத்துச் சொருகியிருக்கிறார் மகானுபாவர். அத்தனை புள்ளியைப் பழைய கேபிள் சுமக்காதாம், புதியதை மாட்டியதும் அம்புக்குறிக்குக் கால் சரியாகிவிட்டது.

அதோடு விட்டதா என்றால் இல்லை, எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். எல்லாத்தையும் இருநூறு சதவீதமாத் தெரியற மாதிரி வைங்கப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். மாட்டேன் என்றுவிட்டார். மூணடிக் கதவு ஆறடி ஆயிடும், வீட்டுக்குள்ள யானையா வரப்போகுது, அளவை மாத்தறது பித்தலாட்டம், முப்பத்தொரு வருஷத்துல நான் பண்ணதில்ல என்று ஒரே பிடி. பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். இத்தனை பெரிய விஞ்ஞானத்தை வாங்கி நடுவீட்டில் வைத்துவிட்டு அதன்மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்த ஒரே மனிதர் உன் அப்பாவாகத்தான் இருக்கும். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடிக்க வேண்டும், அதுவேறு. அடித்தால் திரையில் டார்ச்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை வரை பொறுத்தேன். படம் பாதிகூடத் தாண்டவில்லை, அவர் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கொண்டுபோய் அவர் பூதக்கண்ணாடிக்கு அடியில் பட்டனை வைத்தேன். ஏங்க, பட்டன் எவ்வளவு பெரிசாத் தெரியுது பாருங்க, இப்ப நான் ஓட்டையையும் பெரிசா வெட்டணுமா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியை நகர்த்திவிட்டுப் பட்டனை வெறும் கண்ணால் ஒரு தடவை பார்த்தார். பிறகு இருநூறை வைத்தார், ஒரு கதவை அச்சடித்தார், ஸ்கேலால் மூன்று தடவை அளந்தார், நம்பாமல் என் டேப்பையும் பிடுங்கி அளந்தார், ஒரு நூல்கூடக் கூடவில்லை. பூதக்கண்ணாடியைத் துடைத்து மேசை டிராயரில் போட்டார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் படம் முடிந்தது, அதில் மூன்று தப்பும் கண்டுபிடித்தார், மூன்றும் இன்ஜினியர் கொடுத்த கணக்கில் இருந்த தப்பு. ஒரு மாடிப்படி நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏறுகிறதாம். சாயங்காலமே போன் வந்தது, ரெஸ்டெல்லாம் வேணாம் சார், அடுத்த படம் எப்ப அனுப்பட்டும் என்று. ம், பாக்கலாம் என்றார் உன் அப்பா, காது வரைக்கும் சிரிப்பு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது திரை முழுக்க உன் முகம், நான் அதைப் பார்த்தே பூரித்துப்போனேன். அப்பா உனக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். நீ போனை வைத்ததும், அடுப்பு மேல கடை ஸ்டிக்கர் இன்னும் அப்படியே இருக்கு, ஓரம்கூடக் கருகல என்றார். எட்டு மாதமாகத் தினமும் நானே சமைக்கிறேன் என்று சொல்கிறாயே கண்ணா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், நீ சோறே வடிக்காமல் மறைத்திருக்கிறாய். உன்னைப் போனில் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழிக்கத்தான் எழுந்தேன். ஆனால் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். பக்கத்திலிருந்த தூணைத் தவறவிட்ட கண் அத்தனை தூரத்திலிருந்த ஸ்டிக்கரைப் பிடித்துவிட்டதே.

வயிறார உண்டு, நோய்நொடி இல்லாமல், நூறு வருஷம் நன்றாக இரு. ஸ்டிக்கரை மட்டும் கிழித்துவிட்டு ஏமாற்றலாம் என்று நினைக்காதே, இனிமேல் அடுப்பில் கறை இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

உன் பொய்யையும் சேர்த்து உன்னை நேசிக்கிற,
அம்மா

அப்பா எழுதுவது: உறையில் போடும்முன் படித்துவிட்டேன். தூண் விஷயம் உண்மைதான். ஸ்டிக்கர் இடப்பக்கம் மூன்று டிகிரி சாய்ந்திருக்கிறது.