ரவுடியின் மனைவிக்கு

ஹோபார்ட்
மார்ச் 3, 2019

அன்புள்ள லின்ட்சிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அக்கா பெவர்லி எனக்கு மாடி அறையைக் கொடுத்திருக்கிறாள். அவள் குறட்டை கீழிருந்து கேட்கிறது. கேட்கட்டும். வீட்டில் இன்னொரு மனிதச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

இனி ஃபோன் செய்யாதே. நேற்று நாலு நிமிஷம் உன் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. நீ கெட்டவன் என்று யாரிடமும் சொல்லவில்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இரண்டு வருஷமாக ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய், அவ்வளவுதான். பெவர்லிக்கு இது உன்னை விட்டு வர ஒரு காரணமாகவே தெரியவில்லை. அவள் உன்னோடு வாழ்ந்து பார்க்கட்டும்.

முப்பத்திரண்டு வருஷமாக உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டு வருகிறேன். ஆண்ட்ரூ உயிரில்லாமல் பிறந்தபோது நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழிப்பதற்குள் அவனை எடுத்துப் போய்விட்டார்கள். நீ பார்த்தாய். கையில் வாங்கினாய். எப்படி இருந்தான் என்று கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவாய். இனி கேட்கப் போவதில்லை.

இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு செப்டம்பரில் காலியாகிறது. அதில் குடியேறுவதா, உன்னிடம் திரும்பி வருவதா என்று அதற்குள் முடிவு செய்துவிடுவேன்.

நாயின் காதுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதே.

கிளெனிஸ்


அல்வர்ஸ்டன்
மார்ச் 19

அன்புள்ள கிளெனிஸ்,

கடிதம் கிடைத்தது. சொட்டு மருந்து விட்டேன். மழை. வெந்நீர்க் குழாயைச் சரிசெய்தேன். நாய் நலம். நானும்.

லின்ட்சி

பி.கு: இதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.


அல்வர்ஸ்டன்
மே 12

அன்புள்ள கிளெனிஸ்,

ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மூன்று வாரத்துக்கு முன் விடியற்காலையில் நாயோடு ஆற்றோரப் பூங்காவுக்குப் போனேன். நல்ல மழை. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் மணல் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறு பெருகிவிட்டது, கரைக்கு அணை கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நாயைக் கம்பத்தில் கட்டிவிட்டு நானும் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டேன். படகுத்துறை வரை தூக்கிப் போனோம். மூச்சு வாங்கியது. உடனே எல்லோரும் திரும்பி, அதே மூட்டைகளைப் பழைய இடத்துக்கே தூக்கி வந்தார்கள்! மறுபடியும் படகுத்துறை. மறுபடியும் பழைய இடம். மூன்றாவது தடவை பக்கத்தில் ஓடியவனிடம் கேட்டேன்: "ஏம்ப்பா, எங்கதான் அடுக்கப் போறீங்க?"

"எதை?"

"மூட்டைய. வெள்ளம் வருதுல்ல?"

அவன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அது உடற்பயிற்சியாம், கிளெனிஸ். வாரம் மூன்று நாள், காசு கிடையாது, ஆண்கள் மட்டும், மழையானாலும் விடுவதில்லை. முடிந்ததும் வட்டமாக நின்று ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுகிறார்கள். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. என் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

புதிதாக வருபவனுக்குப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். சொந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை. சிவப்பு முடிக்காரனுக்கு நீலன். ஆறரை அடி உயர மாட்டுப்பண்ணைக்காரனுக்குப் பொடியன். எனக்கு என்ன வைத்தார்கள் தெரியுமா? ரவுடி.

நாளையும் போகிறேன். முட்டி வலிக்கிறது.

லின்ட்சி


ஹோபார்ட்
மே 20

அன்புள்ள ரவுடிக்கு,

உன் கடிதத்தைப் பெவர்லிக்கு வாசித்துக் காட்டினேன். பெயரைக் கேட்டதும் நீ கலாட்டாக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய் என்று அவள் பயந்தாள். வாயே திறக்காதவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள் என்று விளக்குவதற்குள் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. இந்த நாட்டில் யாரையும் தலைகீழாக இல்லாமல் நேராகக் கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

முட்டிக்கு எண்ணெய் தேய். அறுபத்து மூன்று வயதில் மணல் மூட்டையாம்! வீட்டில் மளிகைப் பையைத் தூக்கச் சொன்னால் நாற்காலியை விட்டு எழாதவன்.

கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

கிளெனிஸ்


அல்வர்ஸ்டன்
ஜூலை 7

அன்புள்ள கிளெனிஸ்,

பத்தாவது வாரம் வட்டத்தில் வாய் திறந்தேன். "இன்னிக்கு ரொம்பக் குளிரு" என்றேன். கைதட்டினார்கள். "போதும்டா ரவுடி, காது வலிக்குது" என்றான் நீலன்.

இன்னொரு செய்தி. தேவாலயத்துக்குப் பின்னால், கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் இடம் இருக்கிறதே, சனிக்கிழமைகளில் நாங்கள்தான் அங்கே பெட்டிகளை இறக்குகிறோம். அவர்களுடைய குளிர் அறை செத்துக் கிடந்தது. புதிது வாங்க வழியில்லை, பாலையும் இறைச்சியையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முப்பத்து நாலு வருஷம் ஆலையில் குளிர்பதன இயந்திரத்தோடுதானே குடித்தனம் நடத்தினேன்! பொடியன் விளக்கைப் பிடிக்க, இரண்டு நாளில் ஓட வைத்துவிட்டேன். அது உறுமி எழுந்த சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது செவ்வாய்தோறும் போய்ப் பார்க்கிறேன். நான் போகாவிட்டால் கெட்டுப்போவதற்கு ஊரில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது நன்றாக இருக்கிறது.

நாற்காலியை நாய் எடுத்துக்கொண்டது.

நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதை இதுவரை நான் எழுதவில்லை என்று நேற்றுத்தான் உறைத்தது.

லின்ட்சி


ஹோபார்ட்
ஆகஸ்ட் 16

லின்ட்சி,

மூட்டையோடு சேற்றில் சறுக்கி உன் கணுக்கால் எலும்பு முறிந்ததற்கு வருத்தப்படுகிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து புதன்கிழமை எனக்குத் தகவல் வந்தது. பேசிய நர்ஸ் கடைசியில், "ஒரு நிமிஷம்மா. இங்க அரை டிராயரோட, உடம்பெல்லாம் சேறா ஆறு பேர் வந்து நிக்கிறாங்க. ரவுடிய பாக்கணுமாம். முழுப் பேரு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றாள். "அது என் வீட்டுக்காரர்தான்" என்றேன். ஃபோனைப் பொடியனிடம் கொடுத்தாள்.

"ரவுடியோட வீட்டம்மாவா? மன்னிச்சுக்கோங்கம்மா. மூணரை மாசமா கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம், ஆளோட பேரு தெரியல பாருங்க! வண்டியில ஏத்தின பிறகுதான் உறைக்குது" என்றார். நானும் சிரித்தேன். பிறகு அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "உங்க பையனப் பத்தி போன வாரம் சொன்னாரும்மா. நாங்க யாரும் வீட்டுக்குக் கிளம்பல, மழையிலயே நின்னோம்" என்றார்.

நீ பேசிவிட்டாய் என்று சந்தோஷப்பட்டேன். அரை நிமிஷம். அப்புறம் பெவர்லியின் டீக்கோப்பையைச் சுவரில் எறிந்தேன். என் பிள்ளையை ஒரு மாட்டுப்பண்ணைக்காரருக்குத் தெரியும், நீலனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அந்தச் சின்ன வீட்டுக்காரரிடம் திங்கட்கிழமை பதில் சொல்வதாக இருந்தேன். பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன்.

கிளெனிஸ்


அல்வர்ஸ்டன்
ஆகஸ்ட் 19

அன்புள்ள கிளெனிஸ்,

அவர்களிடம் சொன்னது சுலபமாக இருந்தது. அவர்கள் ஆண்ட்ரூவுக்கு யாருமில்லை. உன்னிடம் சொல்வதற்கு முன் ஒருமுறை என் குரல் அதைத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை.

அவன் பிறந்த அன்று ஒரு நர்ஸ் என்னிடம் கேட்டாள்: "அம்மாவுக்கு மயக்கம் தெளியுது. கொண்டுபோய்க் காட்டட்டுமா?" வழக்கமில்லைதான், ஆனாலும் நல்ல மனசோடு கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். தாங்காதவன் நான்தான். ஆஸ்பத்திரி எடுத்துப் போய்விட்டது என்று நீ நம்பினாய். நான் திருத்தவில்லை. நீ அவனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அடுத்த கேள்வி இதுவாக இருக்கும் என்று பயந்தே தோட்டத்துக்கு ஓடினேன்.

அவன் ஒரு குறையும் இல்லாமல் இருந்தான். கறுப்பு முடி, ஈரமாக, நெற்றி வரை. உன் மோவாய். கீழுதடு சற்றுத் துருத்தி, யாரோடோ கோபித்துக்கொண்டது போல. கைவிரல்கள் நீளம், நம் இரண்டு பேர் பக்கத்திலும் அப்படி யாருக்கும் இல்லை. என் சுண்டுவிரலை அவன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. இருபது நிமிஷம் வைத்திருந்தேன். அதில் பத்து உன்னுடையது.

மன்னிப்பு கேட்கிறேன். நீ அந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் கேட்பேன்.

லின்ட்சி


ஹோபார்ட்
ஆகஸ்ட் 26

லின்ட்சி,

நான்கு நாள் நான் யாரிடமும் பேசவில்லை. பெவர்லி டாக்டரைக் கூப்பிடுவதாக மிரட்டினாள்.

கோபமாகத்தான் இருக்கிறேன். சீக்கிரம் தீராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் கோபப்பட எனக்கு ஆள் பக்கத்தில் வேண்டும். சின்ன வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை மூன்றேகால் பஸ்ஸில் வருகிறேன். அந்தக் காலோடு நீ வந்து நிற்காதே, பொடியனை அனுப்பு. ஆறரை அடி ஆளைக் கண்டுபிடிக்க எனக்குப் பெயர் தேவையில்லை.

காகிதத்தில் படித்துவிட்டேன். உன் வாயால் கேட்க வேண்டும். அவன் விரல்களிலிருந்து ஆரம்பி.

கிளெனிஸ்