இரண்டாவது சாவி

பிப்ரவரி 12

என் சிவப்பு வண்டி வருஷச் சோதனையில் தேறவில்லையாம். காலையில் ரேயின் பட்டறைக்கு அதைக் கொண்டுபோன என் கணவன் கிளைவ், திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "ஃபெயில் ஆயிடுச்சு ஜூட். அடியெல்லாம் துரு. அதுக்கு இனிமே செலவு பண்றது வீண்."

கெட்ட செய்தி சொல்கிறவன் முகத்தில் அத்தனை தெம்பு இருக்கக் கூடாது. 

பிப்ரவரி 20

தெம்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கிட் கார். இரும்புச் சட்டமும் ஃபைபர் உடம்பும் பெட்டியில் வரும், வீட்டிலேயே நாமே கார் கட்டிக்கொள்ளலாம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எல்லாம் ஒரு பழைய வண்டியிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய வண்டிக்கு டோனர் என்று பெயர்.

"டோனருக்கு அலையவே வேணாம், நம்ம கராஜ்லயே நிக்குது" என்றான்.

டோனர் என்றால் தானம் கொடுப்பவர். கொடுத்தது யார்? பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் உருளைக்கிழங்கு மசித்து, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் நான் வாங்கிய வண்டி அது.

"அடுத்த வருஷம் உன்னை அதுல உக்கார வெச்சு மேபிள்தோர்ப் கூட்டிட்டுப் போறேன் பாரு."

மேபிள்தோர்ப் கடற்கரைக்கு நானேதான் இத்தனை நாள் வண்டி ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

மார்ச் 7

முதலில் இருக்கைகள் போயின. இப்போது மாடி விருந்தினர் அறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. கழற்றிய போல்ட்டுகளை ஃப்ரீஸரில் வைக்கிற பிளாஸ்டிக் பைகளில் போட்டுப் பெயர் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். 'இடது கதவுக் கீல்', 'கைப்பிரேக்', 'டாஷ்போர்டுக்குக் கீழே கறுப்புப் பெட்டி, என்னவென்று தெரியவில்லை'. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் என்னைப் பாராட்டியது இதற்குத்தான்.

மார்ச் 14, வியாழன்

வண்டி இல்லாத இன்னொரு வியாழன். ஒவ்வொரு வியாழனும் மேபிள்தோர்ப்பில் இருக்கிற அக்கா ஈலீன் வீட்டுக்குப் போவேன். இருவரும் மீனும் சிப்ஸும் வாங்கிக் கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். பெரும்பாலும் மழையாகத்தான் இருக்கும். அவள் பக்கத்து ஜன்னல் ஒழுகும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊர் முழுவதையும் திட்டுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும்.

எங்கள் ஊர் பஸ்ஸுக்கு ஃபோன் செய்து முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும். சொன்னேன். இடமில்லை என்றார்கள். கிளைவின் வேனை நான் ஓட்ட முடியாது, இன்சூரன்ஸ் அவன் பெயருக்கு மட்டும். "நான் கொண்டுபோய் விடறேனே, இதை மட்டும் கழட்டிட்டு" என்றான். அது கழன்றபோது இருட்டிவிட்டது.

மார்ச் 26

கியர்பாக்ஸ் சாப்பாட்டு அறையில். கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறான், அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும்.

ஏப்ரல் 9

மிச்சமிருந்த கூட்டைப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கதவு இல்லை, கண்ணாடி இல்லை, விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை.

கடைசி நேரத்தில் கிளைவ் டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தான். சாவி டிக்கிப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லலாம் என்று கிட்டே போய் வாயெடுத்தேன். "தள்ளி நில்லு ஜூட், லாரி பின்னால வருது."

தள்ளி நின்றேன்.

மே 11

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஈலீன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு இன்வர்னெஸ்ஸுக்குப் போகிற நாள் இன்று. ஸ்காட்லாந்தின் அந்தக் கோடி. பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று கிளைவ் நேற்றே சொன்னான். காலையில் பின் அச்சில் ஒரு போல்ட் இறுகிக்கொண்டது. சூடு பண்ணினான், தட்டினான், எண்ணெய் விட்டான். நான் கோட்டும் தொப்பியுமாகக் கராஜ் வாசலில் நிற்கிறேன். "இந்த ஒண்ணு மட்டும்தான் ஜூட்." டாக்ஸிக்கு ஃபோன் போட்டேன், ஹார்ன்காஸில் ஊர் டாக்ஸிக்காரர் ரெண்டு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார். இந்த ஒண்ணு மட்டும்தான். இந்த ஒண்ணு மட்டும்தானாம்!

போய்ச் சேர்ந்தபோது வீடு காலி. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், ஈலீன் ஒரு மணி வரை வாசலிலேயே நின்றிருந்தாளாம். எனக்கென்று எங்கள் வியாழக்கிழமை டீ ஃபிளாஸ்க்கை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் டீ இன்னும் சூடாக இருந்தது.

ராத்திரி ஃபோனில், "பரவாயில்ல, விடு" என்றாள். ஈலீன் அப்படிச் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை.

திரும்பி வரும்போது வேனில் கிளைவ் சொன்னது: "ஒரு வழியா அந்த போல்ட் வந்துச்சு பாத்தியா."

ஜூன் 18

சந்தையில் பட்டறைக்கார ரேயைப் பார்த்தேன்.

"என்ன கண்ணு, சிவப்பு வண்டி எப்படி ஓடுது? பல்பு மாத்தியாச்சா?"

என்ன பல்பு என்றேன்.

"நம்பர் பிளேட்டு பல்புதான். அது ஒண்ணுக்குத்தானே ஃபெயில் போட்டேன். அஞ்சு நிமிஷ வேலை, நானே போட்டுத் தரேன்னேன். உன் வீட்டுக்காரர்தான் வேணாம், நான் பாத்துக்கறேன்னுட்டாரு."

துரு?

"துருவா? அடியில போய்ப் பாத்தவன் நான். இன்னும் பத்து வருஷம் ஓடும் அது."

முட்டைக்கோஸ் வாங்காமலே வந்துவிட்டேன்.

ஒரு பல்பு. ஒரே ஒரு பல்புக்கா என் வண்டியைக் கொன்னே? நான் வாசல்ல நின்னேனே, கோட்டைப் போட்டுக்கிட்டு, பைத்தியக்காரி மாதிரி நின்னேனே.

ஜூன் 19

கேட்டேன். தட்டிலிருந்த சாசேஜை வெட்டிக்கொண்டே கிளைவ் பதில் சொன்னான்.

"ஃபெயில்னு சொன்னேன். ஃபெயில்தானே?"

"துருன்னு சொன்னியே."

"இருபது வருஷத்து வண்டில துரு இருக்காதா? உனக்கும் இனிமே அவ்வளவு தூரம் ஓட்டறது கஷ்டம் ஜூட். உன் நல்லதுக்கும்தான்."

அதற்கப்புறம் கடுகு சாஸ் கேட்டான். நானும் எடுத்துக் கொடுத்தேன். இதுதான் என்னை இன்னும் எரிக்கிறது.

ஜூலை 25, வியாழன்

மாடிக்குப் போய் என் இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஈலீனுடையது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய்.

ஆகஸ்ட் 30

கராஜில் பச்சை நிறத்தில் ஒரு கார் நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். அதற்கென்று குட்டியாக வேறு இருக்கைகள் வாங்கியிருக்கிறான். பந்தயக் கார் மாதிரி சாவிக்குப் பதிலாக ஒரு பொத்தான். அழுத்தினான். என் இன்ஜின் சத்தம். எங்கே கேட்டாலும் தெரியும் எனக்கு. இரண்டு நொடி உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி இரண்டு நொடி.

செப்டம்பர் 14

பெட்ரோல் பம்பை மாற்றியாயிற்று. வயரிங்கை இரண்டு முறை பிரித்தாயிற்று. இரண்டு நொடி, அணைப்பு. இன்று கிட் கார் கிளப்பிலிருந்து பேரி வந்தான். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, நான் பெயர் எழுதி வைத்த கறுப்புப் பெட்டியைத் தட்டினான்.

"திருட்டுத் தடுப்புப் பூட்டுடா இது. ஒரிஜினல் சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்கும், அதைப் பாத்தாத்தான் இன்ஜினை ஓட விடும். சாவி எங்க?"

கிளைவ் முகம் சாம்பலாகப் போனது. லாரியோடு போன டிக்கிப் பூட்டுச் சாவி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எப்பவும் ரெண்டு சாவி தருவாங்களே" என்றான் பேரி.

கிளைவ் என்னைப் பார்த்தான். "ஜூட், உன் வண்டி சாவி எங்க வெச்சே?"

உன் வண்டி. ஏழு மாதமாக டோனர், டோனர். இன்றைக்கு உன் வண்டி.

"தெரியலையே. தொலைஞ்சிருக்கும்" என்றேன். சாவி என் ஏப்ரன் பையில் இருந்தது, வீட்டுச் சாவியோடும் ஈலீன் வீட்டுப் பழைய சாவியோடும்.

செப்டம்பர் 15

வெட்கமாக இருக்கிறதா? இருக்கிறது. கொடுக்கலாம் என்று தோன்றுகிறதா? இல்லை.

அக்டோபர் 20

இன்ஜினுக்கு வேறு கம்ப்யூட்டர் வைத்து ஓட்டலாம் என்று பேரி சொல்லிப் பார்த்தான். கிளைவுக்கு மனசு விட்டுப்போயிற்று. 'முடிவடையாத கிட் கார், நேரமின்மையால் விற்பனைக்கு' என்று விளம்பரம் போட்டிருக்கிறான். நேரமின்மையாம். காலை முழுக்க கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பார்க்கப் பாவமாக இருக்கிறது. சாவியைக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

நவம்பர் 2

இங்கே பக்கத்தில் இருக்கிற பாஸ்டன் ஊரிலிருந்து ஒரு கணவன் மனைவி டிரெய்லரோடு வந்தார்கள். அடிமாட்டு விலை. ஆண்கள் கயிறு கட்டும்போது அந்தப் பெண் தன் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"இது உன் காரா, அவரோடதா?" என்று கேட்டேன்.

"என்னோடதுங்க. ஏன்?"

"பத்திரமா வெச்சுக்கோ." என் சாவி வளையத்திலிருந்து சிவப்பு வண்டிச் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். "அந்த இன்ஜின் இது இருந்தாத்தான் ஓடும். வீட்டுக்குப் போய் அவர்கிட்ட சொல்லு. இங்க வேண்டாம்."

அவள் சாவியைப் பார்த்தாள், கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கிளைவைப் பார்த்தாள், பையில் போட்டுக்கொண்டாள். 

நவம்பர் 23

லௌத் ஊரில் ஒரு சின்ன சாம்பல் நிற வண்டி வாங்கிவிட்டேன், என் பென்ஷனில் சேர்த்த பணத்தில். பார்க்க லட்சணமில்லை. இரண்டு சாவி கொடுத்தார்கள். வீட்டு வாசலில் கிளைவ் பழக்கத்தில் கையை நீட்டினான்.

"ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும், அவசரத்துக்கு."

"ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும்."

என் சாவி வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அந்தப் பழைய சாவி, ஜூட்..." என்று ஆரம்பித்தான்.

"தள்ளி நில்லு கிளைவ், வண்டியைப் பின்னால எடுக்கணும்."

தள்ளி நின்றான்.

மேபிள்தோர்ப்பில் மழை. மீனும் சிப்ஸும் ஒரு பொட்டலம் மட்டும் வாங்கி, கடலைப் பார்த்து நிறுத்திவிட்டு ஈலீனுக்கு ஃபோன் செய்தேன். மழைச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"என் பக்கம் ஒழுகுதா?" என்றாள்.

இந்த வண்டியில் எந்த ஜன்னலும் ஒழுகவில்லை. "ஒழுகுது" என்றேன்.