கப்பலூர்த் திரையில் கட்டங்கள்

07-06-2025, சனிக்கிழமை

விடிந்ததும் கப்பலூர் ரப்பர்த் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி. ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் இரண்டாம் பிரஸில் நிற்கும் பாண்டீஸ்வரி. “லாசர் சார், டிவியில கட்டம் கட்டமா வருது. ஜாதகமா? எம் மகளுக்கு எப்பக் கல்யாணம்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதுகாப்பு ஆலோசகன் என்ற முறையில் இந்த வாரம்தான் ஒவ்வொரு பிரஸின் மேலும் திரை வைக்கச் செய்தவன் நான். அதில் இரண்டே வாசகங்கள் மாறி மாறி வரும்: ‘கை வைக்கலாம்’, ‘கை வைக்காதே’. எழுத்துப் போய்விட்டால் இரண்டும் வெற்றுக் கட்டங்கள். கொதிக்கும் மேல்தட்டு எப்போது இறங்கும் என்று அந்தப் பெண்கள் எதைக் கொண்டு அறிவார்கள்?

தல்லாகுளம் வீட்டிலிருந்தபடியே, அங்கே நான்கு திரைகளையும் இயக்கும் பெட்டிக்குள் மடிக்கணினி வழியாக நுழைந்தேன். எழுத்துரு இல்லை! புகைக்கு நடுவிலும் தெரியவேண்டுமென்று என் மகள் ஹெப்சிபா தடித்த கோடுகளில் வரைந்து அனுப்பியது அது. வேறு தமிழ் எழுத்துரு எதுவும் அந்தப் பெட்டியில் கிடையாது. நேற்றுப் பிற்பகல் நேரில் பார்த்தபோது இருந்ததே?

மீண்டும் ஏற்றினேன். வாசகங்கள் தெளிவாக வந்தன.

08-06-2025, ஞாயிற்றுக்கிழமை

ஆலயத்திலிருந்து திரும்பியதும் சோதனை. கோப்பு பழுதில்லை. எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தேன். திரையில் எழுதும் நிரலை மட்டும் மூன்று முறை நிறுத்தித் தொடங்கினேன், எழுத்து அசையவில்லை. பெட்டியையே அணைத்துப் பார்க்க மனமில்லை. ஞாயிறும் வேலை நடக்கும் இடம்; நான்கு திரைகளும் ஒருசேர இருண்டால் என்ன ஆகும்?

மனைவி ஆனிமேரி இருமுறை சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிடவில்லை.

11-06-2025, புதன்கிழமை

குறையேதுமில்லை. அதுதான் உறுத்துகிறது.

14-06-2025, சனிக்கிழமை

மறுபடியும் கட்டங்கள். இம்முறை தொலைபேசி வருவதற்கு முன்பே தட்டு இறங்கிவிட்டது.

பாண்டீஸ்வரியின் வலக்கையில் இரண்டு விரல்கள் வெந்துவிட்டன. கையுறை இருந்ததால் எலும்பு தப்பியது. ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலைக்கு ஓடினேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “கைய எடுத்துட்டேன் சார், கையுறைதான் மாட்டிக்கிருச்சு” என்று என்னைத் தேற்றினார். அவர் என்னைத் தேற்றுகிறார்! என்ன பாதுகாப்பு ஆலோசகன் நான்?

முதலாளி நல்லகாமன் குரலை உயர்த்தவில்லை. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா டிவி அம்புட்டையும் கழட்டிட்டுப் பழைய சிவப்பு லைட்டையே மாட்டிருவேன் சார்” என்றார். அந்தச் சிவப்பு விளக்கு ஃபியூஸ் போனதை யாரும் கவனிக்காமல்தான் போன ஆண்டு ஒருவருடைய ஆள்காட்டி விரல் போயிற்று. அதை நான் சொன்னேன். “லைட்டு போனா போயிருச்சுன்னாவது தெரியும்” என்றார்.

எழுத்துருவை ஏற்றி, நானே நேரில் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பிரஸ்களை ஓட்டவிடவில்லை.

15-06-2025, ஞாயிற்றுக்கிழமை

இக்குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். 7, 14. இரண்டும் சனி. அப்படியானால் வெள்ளி மாலைக்கும் சனி விடியலுக்கும் இடையே யாரோ கைவைக்கிறார்கள். நான் அங்கே போவது செவ்வாயும் வெள்ளியும்; வெள்ளிதோறும் நான்கு மணித் தொழிற்சாலை வேனில் கிளம்பிவிடுவேன். அதன்பின் மின்சாரப் பொறுப்பு ராம்கியுடையது. திரைகள் வந்த நாளிலிருந்தே அவருக்கு அவை பிடிக்கவில்லை.

எழுதவே கூசுகிறது. ஆனாலும் வேறு யார்?

17-06-2025, செவ்வாய்க்கிழமை

ராம்கியைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

“நான் எதுக்கு சார் அந்தப் பெட்டியத் தொடப்போறேன்? அதுமேல தூசி தட்டுனாக்கூட நீங்க நோட்டீஸ் குடுப்பீக.”

“வெள்ளிக்கிழமை நான் போன பிறகு என்ன நடக்கிறது?”

அவர் முகம் மாறியது. “ஒண்ணும் இல்ல சார். வழக்கமா நடக்குறதுதான்” என்றவர், யாரோ கூப்பிட்டதுபோல நழுவிப் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினேன். நல்லகாமனிடம் ராம்கியின் பெயரைச் சொல்லிவிட்டேன். “நம்ம ராம்கியா? இருக்காது சார்” என்றவர், மேசையிலிருந்த பில்களை அடுக்கத் தொடங்கினார். எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள்.

20-06-2025, வெள்ளிக்கிழமை

நான்கு மணிக்கு வேன் கிளம்பியது. நான் ஏறவில்லை.

“வேன் போயிருச்சே சார்?” “வீட்டுல தேட மாட்டாகளா சார்?” “நான் வேணா பைக்கில கொண்டுபோய் விடவா?” – ஆளுக்கொரு கேள்வி. இரண்டாம் பிரஸின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் யாரும் எதுவும் செய்யவில்லை. இவ்வளவு பேர் சேர்ந்தா?

கடைசியில் நல்லகாமன் வந்து தலையைச் சொறிந்தார். “நேரமாகுது சார். தப்பா எடுத்துக்கிறாதீக” என்று ராம்கிக்குக் கைகாட்டினார்.

பிரஸ்கள் நின்றன. மெயின் இறங்கியது. யுபிஎஸ்ஸும் அணைந்தது. மின்வெட்டின்போதுகூட அந்தப் பெட்டியைக் காப்பாற்றும் யுபிஎஸ்! ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். ஒருவர் மின்பலகைக்குச் சந்தனம் தடவினார். சம்பளம் வாங்க வந்திருந்த பாண்டீஸ்வரி, கட்டுப் போட்ட கையை ஒதுக்கிவைத்து, இடக்கையால் எதற்கு என்று பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டுத் தன்னைச் சுட்ட பிரஸுக்கே குங்குமம் வைக்கச் சொன்னார். எலுமிச்சை, சூடம், மணி. வெள்ளிக்கிழமைப் பூஜை.

மெயின் ஏறியது. திரைகள் விழித்தன. நான்கிலும் கட்டங்கள்.

பெட்டி முழுதாக அணைந்து எழுந்தால், தயாரித்தவர் கொடுத்த நிலைக்கே திரும்பிவிடுகிறது. வாசகங்கள் அதிலேயே இருந்தவை; நான் பிறகு ஏற்றிய எழுத்துரு மட்டும் போய்விடுகிறது. சட்டென்று விளங்கியது. வெள்ளி வேலை பூஜையோடு முடிந்துவிடுவதால் சனி விடியலில்தான் கட்டங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. எழுத்து வரும்வரை யாரும் பிரஸ்களை ஓட்டாதீர்கள் என்று கத்தினேன்.

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. சூடத்த ஏத்திவச்சு நிக்கச் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல? அதான் நீங்க போனப்பறம் வச்சுக்கிட்டோம்” என்றார் நல்லகாமன்.

நானோ, சம்பளம் வாங்கும் நேரத்தில் வெளியாள் நின்றால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமென்றுதான் இத்தனை வெள்ளிக்கிழமையும் நான்கு மணிக்குக் கிளம்பினேன்.

ராம்கியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார். இனிமே தூசி தட்டலாம்ல?” என்றார்.

21-06-2025, சனிக்கிழமை

ஹெப்சிபா தொலைபேசியில் வழிகாட்ட, நான் பெட்டியின் முன் அமர்ந்தேன். “அப்பா, அதுல ஒரு பூட்டு இருக்கு. நீங்க எழுதுனது எல்லாம் தற்காலிகம். பூட்டைத் திறந்து, எழுதி, மறுபடி பூட்டுங்க” என்றாள். அப்படியே செய்தேன்.

பிறகு ராம்கியிடம் மெயினையும் யுபிஎஸ்ஸையும் இறக்கச் சொன்னேன். இறக்கி ஏற்றினார்; எழுத்து இருந்தது. மறுபடி இறக்கச் சொன்னேன். இருந்தது. மூன்றாம் முறை சொன்னபோது, “சார், இப்படியே போனா நாளைக்கு நானும் ஃபியூஸ் போயிருவேன்” என்றார். இருந்தும் இறக்கினார். எழுத்து இருந்தது.

திரை சரியாகத் தெரியாவிட்டால் பிரஸே இயங்காதபடி இணைப்புக் கொடுக்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன். நல்லகாமன் ஒப்புக்கொண்டார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டியது இது.

27-06-2025, வெள்ளிக்கிழமை

பூஜையின்போது கதவருகே நின்றேன். யாரும் என்னை உள்ளே இழுக்கவில்லை, வெளியே அனுப்பவும் இல்லை. மெயின் ஏறியதும் நான்கு திரைகளையும் வாய்விட்டுப் படித்தேன். சுண்டல் கொடுத்தார்கள். உப்புச் சற்றுக் கூடுதல்.

05-07-2025, சனிக்கிழமை

பாண்டீஸ்வரி இன்று வேலைக்குத் திரும்பும் நாள். விடிந்தது முதல் தொலைபேசியின் அருகிலேயே இருந்தேன். அழைப்பு வரவில்லை. எட்டு மணிக்குமேல் பொறுக்கமுடியாமல் நானே அழைத்தேன்.

“திரையில் என்ன தெரிகிறது?”

“‘கை வைக்காதே’ன்னு போட்டிருக்கு சார். தட்டு இறங்குது, போன வைங்க!”

துண்டித்துவிட்டார்.

இயங்கும் பிரஸின் அருகே தொலைபேசியில் பேசியது விதிமீறல். செவ்வாய்க்கிழமை போகும்போது கண்டிக்கவேண்டும். ஆனால் அழைத்தவன் நானல்லவா?