சாவில்லாத ஊர்

மார்ச் 3
பெரியவர் இன்றைக்கும் குதித்தார். ஆபீஸில் எங்கள் முதலாளிக்கு அதுதான் பெயர், வயது என்னவோ ஐம்பதுதான். “ஐம்பது வருஷம் கழிச்சு மூணு லட்சம் பேர் வாழப்போற ஊரும்மா இது. கனவு காணு!” கனவு காணத் தூக்கம் வர வேண்டுமே. பகலெல்லாம் ஆபீஸ், மிச்ச நேரமெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலி. எதிர்கால நகரம் வரையும் போட்டிக்கு வரைபடம் அனுப்ப அடுத்த மாதம் பத்தாம் தேதி கெடு.

ஊர் என்னவோ அழகாகத்தான் வருகிறது. அடுக்கடுக்காக வயல், மொட்டைமாடியில் வந்திறங்கும் வண்டி, தரை முழுக்க நடப்பவர்களுக்கு. எதிர்கால நகரம் வரைந்தவர்கள் எல்லாரும் செய்ததுதான். ஊரையே கண்ணாடிக் கூரைக்குள் வைத்தவர்கள் உண்டு, ஊருக்கே கால் முளைக்க வைத்தவர்களும் உண்டு. எல்லாப் படத்திலும் வெயில் அடிக்கும், ஒருத்தருக்கும் வேர்க்காது. காலேஜில் அவனும் நானும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஊருக்கு முன்னால்தான் என் வீட்டுக்காரர் ‘அவர்’. இந்த டைரியில் அவன்தான்.

மார்ச் 6
அவன் கல்லீரல் மருந்துக்கு மசியவில்லை. “பார்க்கலாம்மா” என்கிறார் டாக்டர். எதைப் பார்க்கலாம்? எத்தனை நாள் பார்க்கலாம்?

மார்ச் 9
கேட்டான் என்று போனில் வரைபடத்தைக் காட்டினேன். விரலால் பெரிசாக்கி, சந்து சந்தாகப் புகுந்து பார்த்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டுத் திடல். பிறகு கேட்டான்: “ஏன்டி, உங்க ஊர்ல ஒருத்தனும் சாகவே மாட்டானா? மயானம் எங்க?”

தேடினேன். இல்லை. மூன்று லட்சம் பேரின் குப்பை எங்கே போகும் என்று கணக்கு வைத்திருக்கிறோம். செத்தவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவன் இருமி இருமிச் சிரித்தான். பக்கத்தில் இருந்த என் நாத்தனார், “வாயைக் கழுவுடா” என்று ஆரஞ்சுத் தோலை அவன் மேல் விட்டெறிந்தார்.

மார்ச் 10
பெரியவரிடம் உளறிவிட்டேன். திட்டப் போகிறார் என்று பார்த்தால் மேஜையைத் தட்டுகிறார். “யாரும் இதைப் போட்டதே இல்லம்மா! நடுவர்கள் அசந்துபோயிடுவாங்க. ஏரிக்கரையில பத்து ஏக்கர் எடு. நீயே வரை.”

அவருக்கு அது துருப்புச் சீட்டு.

மார்ச் 13
வரைந்தேன். மரம், மதில், பாதை எல்லாம். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவனுக்கு மூச்சுத் திணறி மாஸ்க் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 14
அழித்துவிட்டேன்.

பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. நான் கோடு போட்டால் அவனுக்கு மூச்சு நிற்குமா? நாலெழுத்துப் படித்தவள்தானே? ஆனாலும் அந்த இடத்தில் பூங்கா என்று பச்சை அடித்தபிறகுதான் நெஞ்சு படபடப்பு அடங்கியது.

மார்ச் 17
மாஸ்க்கை எடுத்துவிட்டார்கள்! அரை கப் சூப் குடித்தான். உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை வேறு.

மார்ச் 20
“எங்கம்மா அது? கெடு கழுத்துல வந்து நிக்குது!” என்று பெரியவர் கத்தினார். நாளைக்கு என்றேன்.

மாட்டேன். வரையவே மாட்டேன். எவன் என்ன சொன்னாலும் சரி. யாரும் சாகாத ஊராவே இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை பேர் இத்தனை ஊர் கற்பனை பண்ணினாங்களே — அவங்க வீட்டுலயும் யாராவது படுத்திருந்தாங்களோ? அதனாலதான் ஒருத்தரும் அதைப் போடலையோ?

மார்ச் 23
அவனிடம் எதை மறைக்க முடியும்?
“வரையலையா?”
“வேலை ஜாஸ்திப்பா.”
“பொய்.”

கண் இரண்டும் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டான். “எங்கப்பாவைக் கொண்டுபோனப்ப எல்லாரும் வெயில்ல நின்னுட்டே இருந்தோம். ஒதுங்க ஒரு நிழல் இல்ல. நம்ம ஊர்ல அப்படி விட்டுடாத.” உங்க ஊர் இல்லை, நம்ம ஊர் என்கிறான். “நீ வாயை மூடுடா” என்று கத்தி அழுதேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

மார்ச் 25
என்னைத் தெரியவில்லை அவனுக்கு. நாத்தனாரை அம்மா என்று கூப்பிடுகிறான். பச்சை அடிச்சு என்ன ஆச்சு? நான் அழிச்சுட்டேனே, சொன்னபடி வரையாமலே இருந்தேனே, அப்புறம் ஏன்?

மார்ச் 26
ஐயோ.

ஏப்ரல் 8
இன்று ஆபீஸுக்குப் போனேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, பச்சையை எடுத்துவிட்டு வரைந்தேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

பெரியவர் பின்னால் வந்து நின்றார். இத்தனை மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “நல்லா இருக்கும்மா. இந்த நிழற்கூடம் மட்டும் ரொம்பப் பெரிசா தெரியுது. எத்தனை பேர் உக்காரலாம்?”

“ஐந்நூறு பேர்.”

“அவ்வளவு எதுக்கும்மா?”

“அவருக்கு சிநேகிதங்க ஜாஸ்தி சார்.”